கேள்வி கேட்பார்கள், திரும்பி வந்து பார்ப்பார்களா? சாக்ரமெண்டோ கண்காணிப்புச் சேவைக்கு ஒரு பழைய தணிக்கைக்காரியின் மதிப்புரை

பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டால் மதியம் மூன்று மணி வரை எனக்கு வேலை கிடையாது. கலிஃபோர்னியாவின் ஃபோல்ஸத்தில் என் வயதுப் பெண்கள் இந்த நேரத்தில் கோயிலுக்குப் போகிறார்கள், பூங்காவைச் சுற்றி நடக்கிறார்கள். நான் ரயிலேறி மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் போய்ச் சட்டமன்றக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். மாப்பிள்ளை ஆரம்பத்தில் கொஞ்சம் கவலைப்பட்டார். "அத்தை, உங்களுக்கு இங்கே பொழுது போகவில்லையென்றால் நூலகத்தில் சொல்லி வைக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என் மகள்தான் அவருக்கு விளக்கினாள்: அம்மா தேனாம்பேட்டை ஏ.ஜி. அலுவலகத்தில் 31 வருடம் தணிக்கை பார்த்தவள், யாராவது யாரையாவது கணக்குக் கேட்கும் சத்தம் காதில் விழாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

உண்மைதான். அதனால்தான் இந்த மதிப்புரை. கடைக்கும் உணவகத்துக்கும் நட்சத்திரம் போடுகிறோம். நாம் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கும் இந்தச் சேவைக்கு யாரும் போட்டதாகத் தெரியவில்லை. சேவையின் பெயர்: பசுமை இல்ல வாயு விதிகளின் மீது கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் கண்காணிப்பு. அதாவது, கரியமில வாயுவைக் குறைக்க விதி போடும் காற்று வள வாரியத்தை, அந்த வாரியத்துக்கு அதிகாரம் கொடுத்தவர்கள் எப்படி மேற்பார்க்கிறார்கள் என்பது.

காசு கொடுக்கிறோமா என்று கேட்பவர்களுக்கு மாப்பிள்ளையின் காரை வைத்துக் கணக்குச் சொல்கிறேன். இங்கே விற்கும் பெட்ரோல் ஒரு காலன் எரிந்தால், எத்தனால் கலந்த பங்கைக் கழித்து, ஏறக்குறைய 8 கிலோ கரியமிலம் கணக்கில் ஏறும். 1,000 கிலோவுக்கு, அதாவது ஒரு டன்னுக்கு, எரிபொருள் விற்கும் நிறுவனம் ஓர் உமிழ்வுச் சீட்டு வாங்கி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சீட்டு 2025ஆம் ஆண்டு ஏலங்களில் 26 முதல் 29 டாலர் வரை விலை போனது. காலனுக்கு 21, 23 சென்ட் என்று வரும். மாப்பிள்ளை ஒரு தடவை 12 காலன் போடுகிறார். இரண்டரை டாலருக்கு மேல், ரசீதில் எந்த வரியிலும் எழுதப்படாமல், போய்ச் சேர்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. வெயிலும் காட்டுத்தீப் புகையும் இந்த ஊரில் எப்படியிருக்கும் என்று மூன்று கோடைகளைப் பார்த்துவிட்டேன். புகைக்கு விலை வைப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். விலைச்சீட்டு எங்கே என்றுதான் கேட்கிறேன்.

கொள்முதல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006இல் சட்டமன்ற உறுப்பினர்கள் ஃபிரான் பாவ்லியும் ஃபாபியன் நூன்யெஸும் கொண்டுவந்த ஏ.பி. 32 என்ற சட்டத்தில் அன்றைய ஆளுநர் அர்னால்டு ஸ்வார்ஸ்நெக்கர் செப்டம்பர் 27 அன்று கையெழுத்திட்டார். 2020க்குள் மாநிலத்தின் உமிழ்வை 1990இல் இருந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. எப்படிக் கொண்டுவருவது என்பதைச் சட்டமன்றம் பெரும்பாலும் வாரியத்தின் கையிலேயே விட்டுவிட்டது. சந்தை முறையையும் பயன்படுத்தலாம் என்று ஒரு வாசல் வைத்தது. அந்த வாசல் வழியாகத்தான் உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்துச் சீட்டுகளை ஏலம் விடும் 'கேப் அண்ட் டிரேட்' உள்ளே வந்தது. முதல் ஏலம் 2012 நவம்பரில். சீட்டு 10 டாலர் 9 சென்ட். பெட்ரோலும் டீசலும் 2015 ஜனவரியில் உச்சவரம்புக்குள் சேர்க்கப்பட்டன. இலக்கை நான்கு வருடம் முன்னதாக, 2016லேயே எட்டிவிட்டார்கள். பொருள் வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை மேற்பார்வையில்தான். எங்கள் ஊரில், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் கூட, அரசு போடும் ஒவ்வொரு விதியையும் நாடாளுமன்றத்தின் முன் 30 நாள் வைக்க வேண்டும் என்று 26ஆம் பிரிவு இருக்கிறது. வைத்த காகிதத்தை எத்தனை பேர் புரட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். மேசை என்று ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அந்த மேசையே இல்லை. வாரியம் போட்ட விதி பிடிக்கவில்லையென்றால் சட்டமன்றம் புதிதாக ஒரு மசோதா இயற்ற வேண்டும். அதில் ஆளுநர் கையெழுத்துப் போட வேண்டும். வாரியத்தில் ஓட்டுரிமை உள்ள 14 பேரில் 12 பேரை நியமித்தவரும் அதே ஆளுநர்தான். அவர் மறுத்தால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு மீறலாம் என்று அரசமைப்பு சொல்கிறது; நாற்பது வருடங்களுக்கு மேலாக அப்படி ஒன்று நடந்ததில்லை. மாமியார் வீட்டுச் சமையலில் உப்பு கூடிவிட்டது என்று மாமியாரிடமே மனுக் கொடுக்கிற கதை.

இந்தக் குறை அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. 2016இல் 2030க்கான இலக்கை, 1990 அளவிலிருந்து 40 சதவீதம் குறைப்பு என்று, எஸ்.பி. 32 வழியாகக் கூட்டியபோது, கூடவே ஏ.பி. 197 என்ற இன்னொரு சட்டத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். சட்டமன்ற உறுப்பினர் எட்வர்டோ கார்சியா கொண்டுவந்தது. ஒன்று நிறைவேறாவிட்டால் மற்றதும் செல்லாது என்று இரண்டுக்கும் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது. அந்த இரண்டாவது சட்டம்தான் நான் மதிப்பிடும் கடையின் அஸ்திவாரம். பருவநிலைக் கொள்கைக்கென்று இரு அவைகளின் கூட்டுக்குழு; வாரியத் தலைவர் ஆண்டுக்கொரு முறை அதன் முன் வந்து நிலவரம் சொல்ல வேண்டும்; வாரியத்தில் ஓட்டுள்ள உறுப்பினர்களுக்கு ஆறு ஆண்டுப் பதவிக்காலம்; அவையிலிருந்து ஒருவர் வீதம் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வாரியத்திலேயே நாற்காலி.

நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசுவார்கள், சீர்வரிசைப் பேச்சு வந்தால் உள்ளே கூப்பிட மாட்டார்கள்; அதுபோல.

இனி நானே போய்ப் பார்த்ததைச் சொல்கிறேன். ஐயர்ன் பாயிண்ட் நிலையத்தில் கோல்ட் லைன் ரயிலேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மூத்தோருக்குப் பாதிக் கட்டணம். ஆர்கைவ்ஸ் பிளாசாவில் இறங்கினால் ஓ தெருவில் 1021ஆம் எண் கட்டடம் பக்கத்தில்தான். தலைமைக் கட்டடத்தின் பின்பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டுவதால் உறுப்பினர்களின் அலுவலகங்களும் கூட்ட அறைகள் பலவும் இங்கே வந்துவிட்டன. பையைச் சோதித்து உள்ளே விட்டுவிடுவார்கள். யார், எவர், எதற்கு வந்தீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. சென்னையில் பொதுக் கணக்குக் குழுவுக்கு எங்கள் அதிகாரிகள் கோப்புகளோடு போவார்கள். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்கும் பேறு எனக்கு 31 வருடத்திலும் வாய்க்கவில்லை. இங்கே ஒரு பாட்டி கையில் எலுமிச்சைச் சாத டப்பாவோடு போய் இரண்டாம் வரிசையில் உட்கார முடிகிறது. இதற்கு மட்டும் ஒரு முழு நட்சத்திரம், தயங்காமல்.

வீட்டிலிருந்தே பார்ப்பவர்களுக்கும் ஏற்பாடு நன்றாக இருக்கிறது. 2016இல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 54ஆம் முன்மொழிவு, பொதுக் கூட்டங்களின் ஒளிப்பதிவை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், 20 வருடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. மசோதாவின் இறுதி வடிவம் ஓட்டெடுப்புக்கு 72 மணி நேரம் முன்னதாக வெளிவந்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான். ஒவ்வொரு மசோதாவுக்கும் குழு ஊழியர்கள் எழுதும் பகுப்பாய்வு உண்டு: தற்போதைய சட்டம் என்ன, இது என்ன மாற்றுகிறது, செலவு என்ன, ஆதரிப்பவர் பட்டியல், எதிர்ப்பவர் பட்டியல். எண்ணெய் நிறுவனமும் தொழிற்சங்கமும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் செய்தித்தாளில் கிடைக்காத ஞானம் கிடைக்கும்.

கூட்டம் எப்படி? மரியாதை அதிகம். என் குறிப்பேட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன்: இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் விடை. ஒரு கூட்டத்தில் (எந்தத் துறை, எந்த நாள் என்று சொல்லப் போவதில்லை) ஓர் உறுப்பினர், "இதனால் என் தொகுதியில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு கூடும்?" என்று நேராகக் கேட்டார். எதிரே இருந்தவர் நான்கு நிமிடம் பேசினார். பல காரணிகள், பல மாதிரிகள், நீண்டகாலப் பலன்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். எண் வரவில்லை. உறுப்பினர் நன்றி சொன்னார். என் வலது பத்தியில் ஒரு கோடு போட்டேன். தணிக்கையில் இருந்தவர்களுக்குத் தெரியும்: கேள்வி கேட்பது பாதி வேலைகூட அல்ல. 'பாரா', அதாவது தணிக்கை ஆட்சேபம், எழுதியபின் துறையிடமிருந்து விடை வர வேண்டும். விடை பொருந்தாவிட்டால் பாரா நிலுவையில் நிற்க வேண்டும். அடுத்த வருடம் போகும் குழு முதலில் புரட்டுவது நிலுவைப் பட்டியலைத்தான். பதினோரு வருடம் நிலுவையில் நின்ற பாரா ஒன்று எனக்குச் சொந்தப் பிள்ளை போல. இங்கே குழுக் கூட்டம் முடிந்தால் விளக்கு அணைந்துவிடுகிறது. அடுத்த கூட்டத்தில் வேறு தலைவர், வேறு தலைப்பு. போன தடவை விடை வராத கேள்விகளின் பட்டியலை யாராவது மேசைமேல் வைப்பார்கள் என்று காத்திருந்தேன். நான் உட்கார்ந்திருந்த நாட்களில் வைக்கவில்லை.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு 47 சென்ட் விவகாரம். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கேப் அண்ட் டிரேட் தவிர இன்னொரு விதி இருக்கிறது: எரிபொருளின் கார்பன் செறிவை, அதாவது ஓர் அலகு ஆற்றலுக்கு வெளிவரும் கரியமிலத்தை, படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் குறை கார்பன் எரிபொருள் விதி. இதன் வேர் 2007இல் ஆளுநர் போட்ட ஓர் ஆணை. 2009இல் வாரியம் விதியாக ஏற்றது. அதைக் கடுமையாக்கும் திருத்தத்துக்கு 2023 செப்டம்பரில் வாரியமே ஒரு பொருளாதார மதிப்பீடு வெளியிட்டது. 5 கோடி டாலருக்கு மேல் தாக்கம் உள்ள விதிகளுக்கு அப்படி ஒரு மதிப்பீடு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதில் 2025இல் பெட்ரோல் விலை காலனுக்கு 47 சென்ட் கூடலாம் என்று ஓர் எண் இருந்தது. ஆஹா, எண்! தணிக்கைக்காரிக்கு அமாவாசை இருட்டில் விளக்கு கண்டது போல. ஆனால் அந்த எண் கூச்சலைக் கிளப்பியதும், அதை விலைக் கணிப்பாகக் கொள்ளக் கூடாது என்று வாரியம் விலகிக்கொண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மையம் ஒன்றின் ஆய்வாளர் 65 சென்ட் வரை போகலாம் என்று எழுதினார். இந்த இரண்டுக்கும் பதிலாக வாரியத்தின் எண் எது? அதுதான் கேள்வி.

2024 நவம்பர் 8 அன்று அந்தத் திருத்தத்துக்காக ரிவர்சைடில் நாள் முழுவதும், இருட்டிய பின்னும் நீண்ட வாரியக் கூட்டம். நான் ஃபோல்ஸத்தில் சமையலறையில் மடிக்கணினியை அரிசி டப்பாமேல் வைத்து, துவரம் பருப்பு வேகும்வரை பார்த்து, பேரன் வந்து போய், இரவுச் சாப்பாடு முடிந்து திரும்பி வந்தபோதும் ஆட்கள் வரிசையில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 12க்கு 2 என்று நிறைவேறியது. எதிர்த்த இருவரில் ஒருவர் டீன் ஃப்ளோரெஸ். முன்னாள் செனட் உறுப்பினர். வாரியத்துக்கு அவரை அனுப்பியது ஆளுநர் அல்ல, செனட். அந்த நாற்காலிக்கு ஓட்டு உண்டு. சட்டமன்றம் வாரியத்துக்குள் அனுப்பிய ஆட்களில் ஓட்டு உள்ளவர் எப்படி நடந்துகொள்கிறார், ஓட்டு இல்லாதவர் எப்படி நடந்துகொள்ள முடிகிறது என்பதை ஒரே நாளில் பார்க்கலாம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2025 பிப்ரவரியில் அந்தத் திருத்தத்தை ஓர் அலுவலகம் திருப்பி அனுப்பியது. சட்டமன்றக் குழு அல்ல. செனட் அல்ல. நிர்வாகச் சட்ட அலுவலகம் என்று ஒன்று, 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதிகாரம், தேவை, தெளிவு என்று ஆறு அளவுகோல்களை வைத்துக்கொண்டு எல்லாத் துறைகளின் விதிகளையும் படித்துப் பார்ப்பது அதன் வேலை. 'தெளிவு' போதவில்லை என்று திருப்பியது. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. வாக்கியம் புரியவில்லை என்று ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பும் தைரியம் உள்ள அலுவலகம் உலகத்தில் இன்னும் இருக்கிறது! வாரியம் திருத்தி எழுதி மீண்டும் அனுப்பி, 2025 ஜூலை 1 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. விலையைப் பற்றி அந்த அலுவலகம் எதுவும் பேசவில்லை. அது அதன் வேலையும் அல்ல. அது சட்டமன்றத்தின் வேலை.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். சட்டமன்றத்தின் எந்த நிலைக்குழுவோ கூட்டுக்குழுவோ கேட்டுக்கொண்டால், நடைமுறையில் உள்ள விதியையும் அந்த அலுவலகம் முன்னுரிமை கொடுத்து மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. புதிய மசோதா வேண்டாம், ஆளுநர் கையெழுத்து வேண்டாம். பரண்மேல் நல்ல அரிவாள்மனையை வைத்துக்கொண்டு காய் நறுக்கக் கத்தி மொக்கை என்று புலம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பொருள்களில் எது நல்லது என்று கேட்டால், கடையின் ஒரு மூலையில் கூட்டமே இல்லாமல் இருக்கும் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகத்தைக் காட்டுவேன். 1941இலிருந்து இருக்கிறது; கட்சி சார்பு இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம், பருவநிலை இலக்குகளின் பொருளாதார விளைவைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்கச் சொல்லி இவர்களுக்கு ஒரு வேலை வைத்தது. போக்குவரத்துக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் வாரியத்தின் பெருந்திட்டத்தைப் பற்றி எழுதியது என் கைவசம் அச்செடுத்து இருக்கிறது. 2030க்குள் 40 சதவீதம் குறைப்பு என்று சட்டம் சொல்ல, 48 சதவீதம் குறைப்போம் என்று வாரியத்தின் திட்டம் சொன்னது. நல்லது, எந்தக் கொள்கையால் எவ்வளவு குறையும், அதற்கான தெளிவான வழி திட்டத்தில் இல்லையே என்று ஆய்வாளர்கள் குரலை உயர்த்தாமல் எழுதிவிட்டார்கள். 'கூறுமிடத்து' 'அவதானிக்கப்பட்டது' என்ற அலுவலக நடையில் தலைமுழுகிய எனக்கு அந்தச் சுத்தமான வாக்கியங்கள் பொறாமையைத் தந்தன.

மாநிலத் தணிக்கையாளர் என் சாதிசனம் என்பதால் அவரைப் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது. இருந்தாலும்: 2021 பிப்ரவரியில் வந்த தணிக்கை அறிக்கை, வாரியத்தின் போக்குவரத்து ஊக்கத்தொகைத் திட்டங்கள் எவ்வளவு வாயுவைக் குறைத்தன என்பது சரியாக அளக்கப்படவில்லை, சிலவற்றில் கூட்டிச் சொல்லப்பட்டிருக்கிறது என்றது. மானியம் இல்லாவிட்டாலும் மின்சாரக் கார் வாங்கியிருப்பவருக்கு மானியம் கொடுத்துவிட்டு, அந்தக் குறைப்பு முழுவதும் மானியத்தால்தான் என்று கணக்கெழுதலாமா? இதைக் கேட்டவரை நான் நேரில் பார்த்தால் காப்பி போட்டுக் கொடுப்பேன். அதைவிட முக்கியம், இந்த ஒரு அலுவலகத்தில்தான் பின்தொடர்தல் இருக்கிறது. தணிக்கைக்கு உள்ளான துறை 60 நாளில், ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் பதில் தர வேண்டும். ஒவ்வொரு பரிந்துரையும் நிறைவேறியதா, பாதியில் நிற்கிறதா என்பது இணையத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. நிலுவைப் பட்டியல்! வழி தெரியாதவர்கள் அல்ல இவர்கள். பக்கத்து அறையில் இருக்கும் பழக்கத்தைக் குழுக்கள் கடன் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டமன்றம் உண்மையிலேயே வாரியத்தின் சட்டையைப் பிடிக்கும் நேரம் ஒன்று உண்டு: கேப் அண்ட் டிரேட் திட்டத்தின் ஆயுள் தீரும்போது. 2017 ஜூலையில் அப்படி நடந்தது. ஏலம் ஒரு வரியா என்று நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, வரி அல்ல என்று அந்த ஏப்ரலில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2க்கு 1 என்று சொல்லியிருந்தது. எதற்கும் பத்திரமாக, வரிக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டையே வாங்கிவிடலாம் என்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் தானே செனட் குழுவின் முன் சாட்சியாகப் போய் உட்கார்ந்தார். அந்தப் பதிவை நான் இரண்டு முறை பார்த்தேன். 79 வயதில் அந்தக் கோபம் அழகு. கடைசியில் எட்டுக் குடியரசுக் கட்சியினரும் சேர்ந்து 2030 வரை நீட்டித்தார்கள். பேரத்தில் என்னென்ன இலவச இணைப்புகள் போயின என்று பாருங்கள்: சீட்டு விலைக்கு ஓர் உச்சம், உச்சவரம்புக்குள் வரும் ஆலைகளின் கரியமிலத்தை உள்ளூர் காற்று மாவட்டங்கள் தனியாகக் கட்டுப்படுத்தத் தடை, காட்டோர வீடுகளுக்கான தீத்தடுப்புக் கட்டணம் நிறுத்தம். தீபாவளித் தள்ளுபடிக்குப் போனால் புடவையோடு தலைகாணி உறையும் கொடுப்பார்களே, அப்படி. ஏலப் பணத்தைச் செலவிட 2024க்குப் பிறகு ஒரு முறை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்ற ஏற்பாடும் அதே பேரத்தில் வந்தது. 2018 ஜூனில் மக்கள் முன் போனபோது அவர்களே அதைத் தோற்கடித்துவிட்டார்கள். கண்காணிப்பு போதவில்லை என்று புலம்பும் என்னைப் போன்றவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது 2025 செப்டம்பர். 2030இல் முடிய வேண்டியதை 2045 வரை நீட்டித்து, 'கேப் அண்ட் இன்வெஸ்ட்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஏ.பி. 1207, எஸ்.பி. 840 என்று இரண்டு மசோதாக்கள். கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில்தான் இறுதி வடிவம் அச்சுக்கு வந்தது. 72 மணி நேர விதிக்காகக் கூட்டத்தொடரையே சனிக்கிழமை 13ஆம் தேதி வரை இழுத்தார்கள். 19ஆம் தேதி ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். அதிவேக ரயிலுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் என்று ஒரு பங்கும் ஒதுக்கினார்கள். பதினைந்து ஆண்டு நீட்டிப்பு, மூன்று நாள் படிப்பு. அந்த விதி இல்லாவிட்டால் மூன்று நாள்கூட இருந்திருக்காது என்பதால் விதியைக் கும்பிடுகிறேன். ஆனால் எட்டு வருடத்துக்கொரு முறை கிடைக்கும் ஒரே பிடியை இப்படி அவசரமாகப் பிடித்து அவசரமாக விடலாமா? எங்கள் வீட்டு எரிவாயுக் கட்டணத்தில் ஏப்ரலில் 'கலிஃபோர்னியா பருவநிலைக் கழிவு' என்று ஒரு தொகை குறைந்து வந்துகொண்டிருந்தது. அதை எரிவாயுவிலிருந்து எடுத்து மின்கட்டணத்துக்கு மாற்றுவதும் இந்தச் சட்டத்தில்தான் இருந்தது. என் மகள் அதைப் பத்து நாள் கழித்து என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். அவள் கணக்காளர்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். கதவு திறந்திருப்பதற்கு ஒன்று, ஆய்வாளர் அலுவலகத்துக்கும் தணிக்கையாளருக்கும் சேர்த்து ஒன்று, 72 மணி நேரத்துக்கும் 20 வருடப் பதிவுக்கும் ஒன்று. ஓட்டில்லாத நாற்காலிக்கும் நிலுவைப் பட்டியல் இல்லாமைக்கும் இரண்டு பிடித்துக்கொண்டேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை, சில ஆண்டுகளில் செப்டம்பர் வரை பருவம், அதிலும் மார்ச், ஏப்ரலில் கூட்டங்கள் நெருக்கமாக இருக்கும். முந்தின நாள் இரவே பகுப்பாய்வைப் படித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் எண்களும் சுருக்கப் பெயர்களும் மழைபோல் கொட்டும். சால்வை எடுத்துப் போங்கள். எனக்கு எங்கே போனாலும் குளிரும். மதியச் சாப்பாட்டுக்குச் சட்டமன்றத் தோட்டத்தில் ஆரஞ்சு மரங்களின் பக்கம் பெஞ்சு கிடைக்கும். மசோதாக் கூட்டங்களில் பொதுமக்கள் முறை வரும்போது பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ஒரு நிமிடம் கிடைக்கும், அதுவும் கடைசியில். ஒரு தடவை நான் அந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருந்தேன். ஃபோல்ஸத்திலிருந்து வருகிறேன், எந்த அமைப்பும் இல்லை, போன கூட்டத்தில் விடை வராத கேள்விகளை இந்தக் கூட்டத்தின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள் என்று சொன்னேன். தலைவர் நன்றி சொன்னார். ரயிலைத் தவறவிட்டேன். பேரன் அன்று எதிர்வீட்டுக் குஜராத்திப் பாட்டியோடு வீடு திரும்பி, டோக்ளா சாப்பிட்டு முடித்து, "பாட்டி, நாளைக்கும் கூட்டம் இருக்கிறதா?" என்று ஆசையாகக் கேட்டான்.